காப்பீட்டை மறுப்பவர் யார்? நிலமற்ற உழைப்பாளரும் காப்பீட்டுச் சந்தையும்

காப்பீடு குறித்த அரசுக் கூட்டங்களிலும் நிறுவன அறிக்கைகளிலும் ஒரு விளக்கம் தவறாமல் இடம்பெறுகிறது: ஏழை மக்களிடம் விழிப்புணர்வு இல்லை, அதனால் அவர்கள் காப்பீடு எடுப்பதில்லை. இது சொல்பவருக்கு வசதியான விளக்கம். குறையை வாங்குபவரின் அறிவில் ஏற்றிவிட்டால், விற்பவரின் நடத்தையையும் ஒப்பந்தத்தின் வடிவத்தையும் எவரும் கேள்விக்கு உட்படுத்த வேண்டியதில்லை. தலித் மக்களின் பள்ளி இடைநிற்றல் முதல் கடன் சுமை வரை எல்லாவற்றுக்கும் இதே 'விழிப்புணர்வுக் குறைவு' காரணமாகக் கூறப்பட்டதை நாம் அறிவோம்.

கடந்த அரை நூற்றாண்டாக வளர்ந்துள்ள நடத்தைசார் பொருளியல் ஆய்வுகள் இந்த விளக்கத்தை ஆதரிக்கவில்லை. மனிதர்கள் எப்போது காப்பீட்டை நாடுகிறார்கள், எப்போது விலகுகிறார்கள், நிறுவனங்களின் போட்டி யாருக்குச் சாதகமாக இயங்குகிறது என்பவற்றை அவை ஓரளவு தெளிவாகவே காட்டியுள்ளன. அவற்றை நம் மக்களின் வாழ்நிலையோடு சேர்த்து வாசித்தால் மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, ஏழைகள் காப்பீட்டைத் தவிர்ப்பதற்குப் பெரும்பாலும் நியாயமான காரணங்கள் உள்ளன. இரண்டு, நிலமுள்ளவருக்கு மட்டும் தரப்படும் காப்பீடு நிலமற்றவரின் நிலையை முன்னிலும் மோசமாக்கக் கூடும். மூன்று, நிறுவனங்களுக்கிடையிலான போட்டி இன்றுள்ள வடிவில் இந்தக் குறைகளைத் தானாகத் தீர்க்காது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படித்தவர்களும் இப்படித்தான்

பழைய பொருளியல் பாடம் எளிமையானது. இழப்பை அஞ்சும் மனிதர், நியாயமான கட்டணத்தில் காப்பீடு கிடைத்தால் அதை வாங்குவார். பெரிய இழப்புக்கு முதலிலும் சிறிய இழப்புக்குப் பின்னரும் வாங்குவார். நடைமுறையோ இதற்கு நேர்மாறாக இருக்கிறது. அமெரிக்காவில் 1968இல் வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் அரசு மானியத்துடன் கொண்டுவரப்பட்டது. வெள்ள அபாயம் மிக்க பகுதிகளில் வீடு வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் அதை வாங்க முன்வரவில்லை. இதை விரிவாக ஆராய்ந்த ஹோவர்ட் குன்ருதர், அரிதாக நிகழும் பெரும் இழப்பை மனிதர்கள் 'நமக்கு வராது' என்று ஒதுக்கிவிடுவதை 1970களிலேயே பதிவு செய்தார்.

அதே நாட்டில் வீட்டுக் காப்பீட்டை ஆராய்ந்து ஜஸ்டின் சிட்னர் 2010இல் வெளியிட்ட கட்டுரை இதன் மறுபக்கத்தைக் காட்டியது. ஒவ்வொரு இழப்பிலும் முதல் 1,000 டாலரைத் தாமே ஏற்க வேண்டும் என்றிருந்த நிபந்தனையை 500 டாலராகக் குறைத்துக்கொள்ள, வீட்டு உரிமையாளர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 டாலர் கூடுதலாகச் செலுத்தினர். அப்படிக் கோரிக்கை எழும் வாய்ப்போ நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. அதாவது 25 டாலர்கூடப் பெறாத பாதுகாப்புக்கு 100 டாலர். பெரிய இழப்பை அலட்சியம் செய்வதும் சிறிய இழப்புக்கு அதிகம் செலவிடுவதும் படித்த, வசதியான மக்களிடமும் காணப்படும் இயல்பு. ஆகவே, காப்பீடு எடுக்காததைச் சேரி மக்களின் அறியாமையாகச் சித்திரிப்பதற்கு அடிப்படையில்லை.

ஆந்திரத்திலும் குஜராத்திலும் நடந்த சோதனை

நம் நாட்டிலேயே நடந்த ஆய்வு ஒன்று இந்த விவாதத்துக்கு மிக முக்கியமானது. ஷான் கோல், சேவியர் ஜினே, ஜெரமி டோபாக்மன் உள்ளிட்ட ஆறு பொருளியலாளர்கள், ஆந்திரத்திலும் குஜராத்திலும் மழையளவு அடிப்படையிலான காப்பீட்டை ஊரகக் குடும்பங்களுக்கு விற்கும் முறைகளைச் சோதித்து, முடிவுகளை 2013இல் வெளியிட்டனர். ஒரு பகுதியினருக்குக் காப்பீடு குறித்த கூடுதல் விளக்கம் தரப்பட்டது. வேறு சிலருக்கு, ஊரில் ஏற்கெனவே அறிமுகமான அமைப்பின் பணியாளர் ஒருவர் விற்பனையாளரை அறிமுகம் செய்து வைத்தார். இன்னும் சிலருக்கு, நேரம் ஒதுக்கியதற்கான ஈட்டுத்தொகையாக 100 ரூபாய் கையில் கொடுக்கப்பட்டது. அது ஒரு காப்பீட்டை வாங்கப் போதுமான தொகை.

கூடுதல் விளக்கத்தால் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் ஏற்படவில்லை. நம்பிக்கைக்குரியவரின் அறிமுகம் விற்பனையைக் கூட்டியது. ஆனால் அந்த அமைப்பை முன்பே அறிந்த குடும்பங்களில்தான் அது பலித்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய விளைவை உண்டாக்கியது கையிலிருந்த காசு. 100 ரூபாய் பெற்ற குடும்பங்கள் காப்பீடு வாங்கும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது.

விதைப்புப் பருவத்தின் தொடக்கத்தில்தான் கட்டணம் செலுத்த வேண்டும். கூலி வேலையும் கையிருப்பும் மிகக் குறைவாக இருப்பதும் அந்தக் காலத்தில்தான். அந்த மாதத்தில் அரிசிக்கும் காப்பீட்டுக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு, அரிசியைத் தேர்ந்தவரை அறியாதவர் என்று அழைப்பது நேர்மையாகாது. 'விழிப்புணர்வு முகாம்' நடத்தச் செலவிடப்படும் பணத்தைக் கட்டணத்துக்கே கொடுத்திருந்தால் பயன் கூடியிருக்கும் என்பதுதான் இந்த ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

நூற்றில் ஒரு பங்கு ஐயம்

இழப்பு தரும் வலி, அதே அளவு ஆதாயம் தரும் மகிழ்ச்சியைவிடப் பெரிது என்ற கருத்தை டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் முன்வைத்தனர். அதே கட்டுரையில் அவர்கள் ஒரு விசித்திரமான காப்பீட்டையும் கற்பனை செய்தனர்: விபத்து நடந்தால் பணம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். மக்கள் அதை விரும்பவில்லை. பின்னர் பீட்டர் வாக்கர், ரிச்சர்ட் தேலர், ட்வெர்ஸ்கி ஆகியோர் 1997இல் இதை அளந்து பார்த்தனர். இழப்பீடு கிடைக்காமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்று சொன்னாலே, கட்டணத்தில் 20 விழுக்காட்டுக்கும் மேல் குறைத்தால்தான் வாங்குவோம் என்றனர் பதிலளித்தோர்.

நூற்றில் ஒரு பங்கு ஐயத்துக்கே இந்த விளைவு என்றால், காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் வங்கியிலும் தனித்தனியாகத் தாள் வாங்கி வர வேண்டிய ஒரு தலித் குடும்பம் இழப்பீட்டை எவ்வளவு ஐயத்தோடு பார்க்கும்? அந்த ஐயம் நடத்தைக் கோளாறு அல்ல. அலுவலக வாசல்களில் தலைமுறை தலைமுறையாகப் பெற்ற அனுபவத்தின் மதிப்பீடு. டேனியல் கிளார்க் 2016இல் வெளியிட்ட கட்டுரை இதைக் கணிதமாகவே நிறுவியது. கட்டணமும் செலுத்தி, பயிரும் அழிந்து, மழைமானியின் அளவு 'போதாது' என்று இழப்பீடும் மறுக்கப்பட்டால், காப்பீடு எடுக்காதவரைவிட எடுத்தவரின் நிலை மோசமாகிறது. இந்த அபாயம் கணிசமாக இருக்கும் இடத்தில் காப்பீட்டைத் தவிர்ப்பதே ஏழைக்கு அறிவார்ந்த முடிவு.

2015 மே 9 அன்று தொடங்கப்பட்ட பிரதமர் பாதுகாப்புக் காப்பீட்டுத் திட்டத்தை (பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா) எடுத்துக்கொள்வோம். விபத்தில் இறந்தாலோ முழுமையாக ஊனமுற்றாலோ 2 லட்சம் ரூபாய், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். கட்டணம் ஆண்டுக்கு 12 ரூபாயாக இருந்து, 2022 ஜூன் முதல் 20 ரூபாயாக உயர்ந்தது. இதைவிட மலிவான காப்பீடு கிடைப்பது அரிது. 2025 மே மாதத்தில் திட்டத்தின் பத்தாண்டு நிறைவையொட்டி அரசு வெளியிட்ட கணக்கின்படி, மொத்தப் பதிவுகள் 51 கோடிக்கும் மேல். வழங்கப்பட்ட இழப்பீடுகள் ஏறத்தாழ 1.57 லட்சம்.

இந்த இரண்டாம் எண்ணைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022ஆம் ஆண்டில் மட்டும் பதிவு செய்த விபத்து மரணங்கள் 4.30 லட்சம். இறந்தவர் அனைவரும் இத்திட்டத்தில் சேர்ந்தவர் அல்லர். வயது வரம்புக்கு உட்படாதவர்களும், விபத்தாகக் கொள்ளப்படாத திடீர் மரணங்களும் அந்தக் கணக்கில் உண்டு. ஆயினும், ஒரே ஆண்டின் மரணங்களில் பாதிக்கும் குறைவான எண்ணிக்கையிலேயே பத்தாண்டுகளின் இழப்பீடுகள் இருக்கின்றன. சேர்ப்பது எளிதாகவும் பெறுவது கடினமாகவும் அமைந்த திட்டம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அக்கடினம் எங்கிருந்து வருகிறது? இழப்பீடு கோர முதல் தகவல் அறிக்கையும் உடற்கூராய்வு அறிக்கையும் வேண்டும். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுதல் போன்றவற்றுக்கு உடனடி மருத்துவமனைப் பதிவு இருந்தால் போதும் என்று அரசின் விளக்கக் குறிப்பு கூறுகிறது. ஆனால் வயலில் பாம்பு கடித்து வழியிலேயே உயிரிழந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லாமல் வீட்டுக்கே எடுத்து வரும் குடும்பத்துக்கு எந்தப் பதிவும் மிஞ்சுவதில்லை. கோரிக்கையை இயன்றவரை 30 நாள்களுக்குள் வங்கியில் கொடுக்க வேண்டும். கணக்கில் 20 ரூபாய் பிடிக்கப்பட்டதையே அறியாத மனைவிக்கு அந்த 30 நாள்கள் துக்கத்திலேயே கழிந்துவிடுகின்றன.

நடத்தைசார் பொருளியல் பெரிதும் போற்றும் கருவி ஒன்று உண்டு. எதையும் செய்யாமல் இருந்தாலே பாதுகாப்பு தொடரும்படி அமைத்துவிடுவது அது. இத்திட்டத்தில் ஆண்டுதோறும் மே மாத இறுதியில் கணக்கிலிருந்து கட்டணம் தானாகப் பிடிக்கப்படுகிறது. மாதச் சம்பளம் வரும் கணக்குக்கு இது நன்றாகப் பொருந்தும். இருப்பே இல்லாத ஜன் தன் கணக்கிலோ, பணம் பிடிக்க முடியாமல் ஜூன் முதல் நாளிலேயே பாதுகாப்பு ஓசையின்றி முடிந்துவிடுகிறது. ஒரே ஏற்பாடு சம்பளக்காரரைக் காப்பீட்டுக்குள் தக்கவைக்கிறது. கூலிக்காரரை வெளியே தள்ளுகிறது.

நிலமுள்ளவரின் காப்பீடு, நிலமற்றவரின் இடர்

நம் விவாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் பட்டியல் சாதி உழைப்பாளரில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் விவசாயக் கூலிகள். சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிரிடுவோர் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். பயிர்க் காப்பீடு என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழும் 'விவசாயி' பெரும்பாலும் இவர்கள் அல்லர்.

யேல் பல்கலைக்கழகத்தின் முஷ்ஃபிக் மொபாரக், மார்க் ரோசன்ஸ்வைக் இருவரும் தமிழ்நாடு, ஆந்திரம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் மழைக் காப்பீட்டை நிலவுடைமையாளருக்கும் நிலமற்றவருக்கும் அளித்துச் சோதித்தனர். 2013, 2014ஆம் ஆண்டுகளில் வெளியான அவர்களின் கட்டுரைகள் இரண்டு உண்மைகளை முன்வைக்கின்றன.

முதலாவது, சாதியே ஒரு காப்பீட்டு நிறுவனமாக இயங்குகிறது. அகமணத்தால் பிணைந்த உட்சாதி பல ஊர்களில் பரந்திருக்கிறது. ஓர் ஊரில் இழப்பு நேர்ந்தால் மற்ற ஊர்களில் உள்ள உறவுகள் கடனாகவும் கொடையாகவும் தாங்குகின்றன. இதில் நாம் சேர்க்க வேண்டியது ஒன்றுண்டு. இப்படித் தாங்கும் வலிமை அந்தச் சாதியின் சொத்தைப் பொறுத்தது. நிலமும் வணிகமும் உள்ள சாதியின் வலைப்பின்னல் உண்மையான காப்பீடு. வறட்சியில் எல்லோரும் ஒரே நேரத்தில் வேலை இழக்கும் கூலிச் சாதியின் வலைப்பின்னல் பசியைப் பங்கிட்டுக்கொள்ளத்தான் உதவும். சாதி, மேலிருப்பவருக்குத் தரும் சலுகைகளில் இந்தக் கண்ணுக்குத் தெரியாத காப்பீடும் ஒன்று.

இரண்டாவது உண்மை இன்னும் கூர்மையானது. காப்பீடு பெற்ற நிலவுடைமையாளர் துணிந்து பயிரிடுகிறார். வறட்சியைத் தாங்கும் ரகத்தை விட்டு, கூடுதல் விளைச்சல் தரும் ரகத்துக்கு மாறுகிறார். தமிழ்நாட்டு நெல் விவசாயிகளிடம் இம்மாற்றம் காணப்பட்டது. அவரளவில் இது நல்ல முடிவு. மழை பெய்தால் அறுவடை பெருகும். பொய்த்தால் காப்பீட்டுப் பணம் வரும். அந்த வயலில் வேலை செய்யும் கூலியாளருக்கோ நிலைமை வேறு. மழை பெய்த ஆண்டில் வேலையும் கூலியும் கூடும். பொய்த்த ஆண்டில் அறுக்கப் பயிரே இல்லை. முன்னைவிடக் கடுமையாகக் கூலி வீழும். நிலவுடைமையாளர் தம் தோளிலிருந்து இறக்கிய இடரின் ஒரு பகுதி கூலியாளரின் தோளுக்கு ஏறிவிடுகிறது.

கூலியாளருக்கும் காப்பீடு இருந்தால் விளைவு மாறுகிறது. மழை பொய்த்த பருவத்தில் கிடைத்த கூலிக்கு இறங்க வேண்டிய நெருக்கடி அவருக்குக் குறைகிறது. அதனால் ஊரின் கூலி மட்டமும் அந்த அளவுக்குச் சரிவதில்லை. இந்தக் கணக்கின் முடிவை ஆய்வாளர்கள் தெளிவாகவே எழுதியுள்ளனர்: நிலமுள்ளவருக்கு மட்டும் காப்பீட்டை விற்று நிலமற்றவரை விலக்குவது, காப்பீடே இல்லாத நிலையைவிடக் கூலியாளரைத் தாழ்ந்த நிலைக்குத் தள்ளுகிறது. இந்தியாவில் நடைமுறையில் இருப்பது இந்த விலக்கும் முறைதான்.

2016 குறுவைப் பருவத்தில் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் இதே வழியில்தான் செல்கிறது. பயிர் யாருடையதோ அவருக்கே இழப்பீடு. பயிர் அழிந்ததால் இழந்த கூலிக்கு அதில் இடமில்லை. குத்தகைதாரரும் வாரதாரரும் சேரலாம் என்று விதி கூறுகிறது. ஆனால் அதற்கு ஆவணம் வேண்டும். வாய்மொழிக் குத்தகையில் பயிரிடும் தலித் உழவருக்கு நில உரிமையாளர் எழுத்தில் ஒப்புதல் தர மறுப்பது நம் ஊர்களில் வழக்கமான ஒன்று. குத்தகை உரிமை பதிவாகிவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். தமிழ்நாட்டில் குத்தகை உரிமைப் பதிவுக்கென 1969ஆம் ஆண்டின் சட்டம் இருந்தும், கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் பயிரிடுபவரின் பெயர் ஏறாத நிலங்கள் ஏராளம். உழுதவர் ஒருவர், இழப்பீடு பெறுபவர் வேறொருவர் என்ற நிலை இப்படித்தான் உருவாகிறது.

போட்டி யாருக்காக?

'நிறுவனங்கள் போட்டியிட்டால் சேவை மேம்படும்' என்பது 1999ஆம் ஆண்டின் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையச் சட்டத்தைத் தொடர்ந்து இத்துறை தனியாருக்குத் திறக்கப்பட்டபோது சொல்லப்பட்ட வாதம். காப்பீடு மற்றச் சரக்குகளைப் போன்றதல்ல. துணி வாங்குபவர் வாங்கும்போதே அதன் தரத்தைப் பார்க்கிறார். காப்பீட்டின் தரம் இழப்பு நேர்ந்த பின்னரே தெரியும். எனவே கட்டணம் கண்ணுக்குத் தெரிகிறது, இழப்பீடு மறைந்திருக்கிறது.

சேவியர் கபே, டேவிட் லேப்சன் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய சந்தைகளை விளக்குகிறது. வாங்குபவர் ஒன்றைக் கவனித்து மற்றொன்றைக் கவனிக்காதபோது, நிறுவனங்கள் தெரியும் பக்கத்தில் விலையைக் குறைத்துப் போட்டியிட்டு, தெரியாத பக்கத்தில் ஈடுகட்டிக்கொள்ளும். மறைந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவர எந்த நிறுவனத்துக்கும் ஊக்கம் இருக்காது. மைக்கேல் ராத்ஸ்சைல்ட், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் இருவரும் 1976இலேயே வேறொரு கோணத்தைக் காட்டியிருந்தனர். காப்பீட்டுப் போட்டி என்பது விலைப்போட்டி மட்டுமன்று. இடர் குறைந்த வாடிக்கையாளரைக் கவர்ந்து, இடர் மிகுந்தவரை ஒதுக்கும் வகையில் ஒப்பந்தத்தை வடிவமைக்கும் போட்டியும் ஆகும். சாக்கடையிலும் கல்குவாரியிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்யும் உடல்கள் இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் நிற்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

பயிர்க் காப்பீட்டில் போட்டி எப்படி நடக்கிறது என்பதைக் கவனிப்போம். மாநில அரசு மாவட்டங்களைத் தொகுதிகளாகப் பிரித்து ஏலம் விடுகிறது. குறைந்த கட்டண விகிதம் கேட்ட நிறுவனத்துக்கு அந்தத் தொகுதி கிடைக்கிறது. உழவர் செலுத்துவது காரிப் பருவத்தில் காப்பீட்டுத் தொகையின் 2 விழுக்காடு, ராபியில் 1.5, வணிக மற்றும் தோட்டப் பயிர்களுக்கு 5. மீதமுள்ள பெரும்பகுதி பொதுப்பணம். ஏலம் முடிந்ததும் அந்த மாவட்டத்தின் உழவருக்கு ஒரே நிறுவனம்தான். இழப்பீட்டைத் தாமதிக்கும் நிறுவனத்தை விட்டு வேறொன்றுக்கு அவர் மாற முடியாது. ஆக, போட்டி ஏலத்தின் நாளில் தொடங்கி அன்றே முடிந்துவிடுகிறது. குறைந்த விகிதத்தில் ஏலம் எடுத்தவர் லாபம் ஈட்ட எஞ்சியுள்ள வழி இழப்பீட்டைக் குறைப்பது. வயலில் தனித்து நேரும் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை, விளைச்சல் கணக்கீட்டின் மீதான தகராறு ஆகியவை இந்த ஊக்கத்தோடு சேரும்போதுதான் கூர்மை பெறுகின்றன.

விபத்துக் காப்பீட்டிலும் இதே கோணல் உண்டு. 2015இல் நிர்ணயிக்கப்பட்ட 12 ரூபாயில் 10 ரூபாய் காப்பீட்டு நிறுவனத்துக்கு, 1 ரூபாய் முகவருக்கு அல்லது வங்கித் தொடர்பாளருக்கு, 1 ரூபாய் வங்கிக்கு. சேர்த்துவிடுபவருக்குக் கூலி உண்டு. இறந்தவரின் குடும்பத்தைத் தேடிச் சென்று படிவம் நிரப்பித் தருபவருக்கு எதுவும் இல்லை. எதற்குப் பணம் கொடுக்கப்படுகிறதோ அதுவே நடக்கும். பதிவுகள் கோடிகளிலும் இழப்பீடுகள் லட்சங்களிலும் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊக்கத்தை மாற்றி அமைக்க முடியாதது அல்ல. 2020இல் மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் செயல்படுத்தப்பட்ட முறையில், இழப்பீடு வசூலான கட்டணத்தில் 110 விழுக்காட்டைத் தாண்டினால் மிகுதியை அரசு ஏற்கும். 80 விழுக்காட்டுக்குக் குறைந்தால் நிறுவனம் கட்டணத்தில் 20 விழுக்காட்டை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சியதை அரசுக்குத் திருப்பித் தர வேண்டும். ஓர் எல்லைக்குக் கீழே இழப்பீட்டை மறுத்தும் லாபமில்லை என்றாகும்போது மறுக்கும் ஆர்வமும் தணியும். ஆனால் இந்த முறையும் நிலமுள்ளவரின் காப்பீட்டையே சீர் செய்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

சட்டம் ஏற்கெனவே சொன்னது

காப்பீட்டைச் சலுகையாக அன்றி உரிமையாகப் பார்க்கும் மரபு நமக்கு இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் 1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக உருவாக்கிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில், காப்பீடு அரசின் தனியுரிமையாக இருக்க வேண்டும் என்றும், வயதுவந்த ஒவ்வொரு குடிமகரும் தம் ஊதியத்துக்கு ஏற்ற ஆயுள் காப்பீட்டை எடுக்கும்படி அரசு கட்டாயப்படுத்த வேண்டும் என்றும் முன்மொழிந்தார். அரசின் முழு வளமும் பிணையாக நிற்பதால் தனிமனிதருக்குக் கூடுதல் பாதுகாப்பு கிடைக்கும், திட்டமிடலுக்கான நிதியும் அரசுக்குக் கிடைக்கும் என்பது அவர் தந்த காரணம். இழப்பீடு வருமா என்ற ஐயம், சேர்வதைத் தள்ளிப்போடும் இயல்பு, இடர் மிகுந்தவரை ஒதுக்கும் போட்டி ஆகிய மூன்றுக்கும் ஒரே முன்மொழிவில் விடை இருப்பதை இன்றைய ஆய்வுகளைப் படித்தவர் காணலாம். நிலம் பற்றிய அவருடைய முன்மொழிவும் அதே அறிக்கையில் இருப்பது தற்செயல் அன்று. நிலவுடைமையைத் தொடாமல் காப்பீடு மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம்.

அரசுடைமை மட்டும் போதாது என்பதையும் வரலாறு காட்டியது. 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையான பின்பும், ஆயுள் காப்பீட்டுக் கழகம் குறைந்த கட்டணம் கொண்ட ஒரு திட்டத்தை அரசு, அரசு சார்ந்த அமைப்புகள், பெயர்பெற்ற நிறுவனங்கள் ஆகியவற்றின் சம்பளக்காரர்களுக்கு மட்டும் ஒதுக்கியிருந்தது. நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் தொடுத்த வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையைச் சமத்துவத்துக்கு எதிரானது என்று நீக்கியது. நீதிபதி கே. ராமசாமி எழுதிய அத்தீர்ப்பு, காப்பீட்டை வாழ்வுரிமையோடும் சமூக நீதியோடும் இணைத்துப் பேசியது. அமைப்புசாரா உழைப்பாளரை விலக்கும் எந்த ஒப்பந்தத்தையும் எதிர்க்க அத்தீர்ப்பு இன்றும் நம் கையில் உள்ள கருவி.

இதன் அடிப்படையில் நாம் கோர வேண்டியவை இவை. பயிர்க் காப்பீட்டுக்குப் பொதுப்பணம் செல்லும் ஒவ்வொரு தொகுதியிலும், அதே அறிவிக்கையின் கீழ் நிலமற்ற கூலியாளரின் வருமான இழப்புக்கும் கட்டணமின்றிப் பாதுகாப்பு தர வேண்டும். மரணப் பதிவு நடந்தவுடன் வங்கியே காப்பீட்டைச் சரிபார்த்துக் கோரிக்கையைத் தொடங்க வேண்டும். ஆவணம் திரட்டும் சுமை குடும்பத்தின் மீது இருக்கக் கூடாது. ஏலத்தில் கட்டண விகிதத்தோடு, முந்தைய ஆண்டுகளில் இழப்பீடு வழங்கிய விகிதமும் வேகமும் மதிப்பெண்ணாக வேண்டும். பதிவு, கோரிக்கை, மறுப்பு ஆகிய மூன்றும் பட்டியல் சாதி, பழங்குடி வாரியாக வெளியிடப்பட வேண்டும். முக்கியமாக, கூலியாளர் தாமே கட்டும் 20 ரூபாய்க் காப்பீடு, வேலையளிப்பவரின் பொறுப்புக்கு மாற்றாகிவிடக் கூடாது. கழிவுநீர்க் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஆணையிட்டது. அது காப்பீட்டுப் பணம் அல்ல. சட்டப்படி சேர வேண்டிய இழப்பீடு. இரண்டையும் கோரலாம்; ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்க இடம் தரக் கூடாது.

கோரிக்கைகள் நிறைவேறும் வரை காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியவையும் உள்ளன. மே மாதக் கடைசி வாரத்தில் கணக்கில் இருப்பை உறுதி செய்து, பிடித்தம் ஆனதை ஜூன் மாதம் பாஸ் புத்தகத்தில் சரிபார்க்க வேண்டும். வாரிசு நியமனம் பதிவாகியுள்ளதா என்று கேட்டு, குடும்பத்தாரிடம் சொல்லி வைக்க வேண்டும். விபத்து மரணம் எதுவாயினும் உடற்கூராய்வைத் தவிர்க்கக் கூடாது. காவல் நிலையம் பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவஞ்சலில் முறையிட வேண்டும். கோரிக்கையை வாய்மொழியாக மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேட்க வேண்டும். தாமதத்தை மட்டுமே காரணமாகக் காட்டி உண்மையான கோரிக்கையை இயந்திரத்தனமாக நிராகரிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் ஓம் பிரகாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

நிறுவனம் மறுத்தால் ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்க இரண்டாண்டு அவகாசம் உண்டு; செலுத்திய தொகை 5 லட்சத்துக்கு உட்பட்ட வழக்குகளுக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவிக்கு உரியவர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வெள்ளைத்தாளில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாலே போதும். கடந்த இரண்டாண்டுகளில் உங்கள் ஊரில் விபத்தில் இறந்தவர்களின் வங்கிக் கணக்குப் புத்தகங்களை எடுத்து, மே, ஜூன் மாதங்களில் 20 ரூபாய் பிடித்தம் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால், அந்தக் குடும்பத்தின் 2 லட்சம் ரூபாய்க்கான கோரிக்கையை அங்கிருந்தே தொடங்கலாம்.